அப்பெண்டிக்ஸ் வலியா? இடத்தோடு நேரத்தையும் கேளுங்கள்

வயிறு வலித்தால் "என்ன சாப்பிட்டாய்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அநேகமாக அதுவே சரியான கேள்வியாகவும் இருக்கும். பெரும்பாலான வயிற்றுவலிகள் அஜீரணம், மலச்சிக்கல், சாதாரணக் கிருமித்தொற்று என்று ஏதோ ஒன்றால் வந்து, பெரிய வைத்தியம் எதுவும் இல்லாமலே அடங்கிவிடுகின்றன. சிக்கல் என்னவென்றால், பேச்சுவழக்கில் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லும் குடல்வால் அழற்சியும் முதல் சில மணி நேரம் அஜீரணம் மாதிரியேதான் இருக்கும். மேலை நாடுகளில் எடுத்த கணக்குகளின்படி நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் அதிகம். ஆனால் சின்னக் குழந்தை முதல் எண்பது வயதுக்காரர் வரை யாருக்கும் வரலாம்.

இதைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த செய்தி ஒன்றே ஒன்று: வலது பக்கம் அடிவயிறு வலித்தால் அப்பெண்டிக்ஸ். இந்த ஒற்றை வரி இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. வலது பக்கம் லேசாகச் சுருக்கென்றாலே சிலர் பயந்துபோகிறார்கள். அதைவிட மோசமானது இன்னொன்று. வலி நடுவயிற்றில்தானே இருக்கிறது, இது அப்பெண்டிக்ஸாக இருக்காது என்று முடிவு கட்டிவிட்டு, உண்மையிலேயே குடல்வால் வீங்கிக்கொண்டிருப்பவர் ஓர் இரவு முழுவதையும் வீட்டிலேயே கழித்துவிடுகிறார். எங்கே வலிக்கிறது என்று பார்ப்பதோடு, எப்போது தொடங்கியது, முதலில் எங்கே தொடங்கியது, பிறகு எது எந்த வரிசையில் வந்தது, மணிக்கு மணி கூடுகிறதா குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். என் பார்வையில், இந்த நோயைப் பற்றி வீட்டில் இருப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய மிக முக்கியமான விஷயம் இந்த வரிசைதான்.

வலி ஏன் இடம் மாறுகிறது

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது அடிவயிற்றில், ஒரு முனை மூடிய மெல்லிய குழாயாகக் குடல்வால் இருக்கிறது. நீளம் பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர். உள்வழி மிகவும் குறுகலானது. இறுகிக் கல்லாகிப்போன மலத்துணுக்கு அந்த வழியை அடைத்துவிடலாம். ஏதாவது தொற்றின்போது குடல்வாலின் சுவரில் உள்ள நிணநீர்த் திசு வீங்கியும் அடைக்கலாம். பல பேருக்குக் காரணம் கடைசிவரை தெரிவதே இல்லை. அடைப்பு விழுந்த பிறகு உள்ளே சுரக்கும் சளிநீர் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. அழுத்தம் ஏறுகிறது, கிருமிகள் பெருகுகின்றன, சுவர் வீங்கிப்போய் அதற்கே ரத்தம் வந்து சேர முடியாத நிலை வருகிறது.

முதல் கட்டத்தில் நடப்பது குடல்வாலின் சுவர் விரிந்து இறுகுவது மட்டுமே. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் குடல் நரம்புகளுக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. அவை தண்டுவடத்தில் போய்ச் சேரும் மட்டத்தில்தான் தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகளும் வந்து சேர்கின்றன. அதனால் வலி தொப்புளைச் சுற்றி வருவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. மந்தமான, விட்டுவிட்டுப் பிசைகிற வலி. எங்கே என்று கேட்டால் உள்ளங்கையை விரித்து நடுவயிற்றின் மேல் வைத்து, இந்தப் பக்கமெல்லாம் என்று காட்டுவார்கள்.

பிறகு அழற்சி குடல்வாலின் வெளிப்புறம் வரை வந்துவிடுகிறது. வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறையை அது உரசத் தொடங்கியதும் வலியின் குணமே மாறுகிறது. அந்த உறைக்கு வரும் நரம்புகள் தோலுக்கு வரும் நரம்புகளைப் போன்றவை, இடத்தைச் சரியாகச் சொல்லிவிடும். தொப்புளைச் சுற்றி இருந்த மந்த வலி வலது அடிவயிற்றில் கூர்மையாக, விடாமல் வலிக்கிற வலியாக நிலைகொள்கிறது. இதற்குச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். உள்ளங்கையால் காட்டியவர் இப்போது ஒரு விரலால் காட்டுவார்.

அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-இல் விவரித்தது அந்த விரல் காட்டும் இடத்தைத்தான். இடுப்பெலும்பின் வலது முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்தப் புள்ளி வரும். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 1886-இல், பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் வலது அடிவயிற்றில் சீழ் பிடித்து இறந்தவர்களின் நோய்க்கு மூலம் குடல்வால்தான் என்று எடுத்துக்காட்டி, காலம் தாழ்த்தாமல் அறுவை செய்ய வேண்டும் என்று வாதிட்டார். அதுவரை பெருங்குடலின் தொடக்கப் பகுதியில்தான் கோளாறு என்று பலரும் நம்பியிருந்தார்கள்.

எது முன்னால், எது பின்னால்

வழக்கமான வரிசை இது. முதலில் வலி. அதையொட்டிப் பசி போய்விடும், பிடித்த சாப்பாட்டைக் கண்டாலும் வேண்டாம் என்று தோன்றும். பிறகு குமட்டல், ஒன்றிரண்டு முறை வாந்தி. பிறகு வலது அடிவயிற்றில் தொட்டால் நோகும். காய்ச்சல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும், அதுவும் 38 டிகிரி செல்சியஸை ஒட்டிய லேசான காய்ச்சலாக.

இதில் வலிக்கும் வாந்திக்கும் உள்ள முன்பின் மிகவும் உதவும். முதலில் வாந்தி தொடங்கி, பிறகு வயிற்றுவலியும் தண்ணீராகப் போகும் பேதியும் வந்தால், வயிற்றுத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குடல்வால் அழற்சியில் வலி வந்து சில மணி நேரம் ஆன பிறகே வாந்தி வருவது வழக்கம். ஆரம்பத்திலேயே நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல் என்றால் சிறுநீரகத் தொற்று போன்ற வேறு காரணங்களையும் மருத்துவர் தேடுவார். அதே சமயம், லேசான பேதி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அப்பெண்டிக்ஸை ஒதுக்கிவிடவும் முடியாது. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

பசியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நல்ல பசியோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிறவருக்கு அப்பெண்டிக்ஸ் இருக்க வாய்ப்பு குறைவு. இது முற்றான விதி இல்லை, ஆனால் அனுபவமுள்ள மருத்துவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சிறு குழந்தையிடம் வலியைப் பற்றி விசாரிப்பதைவிட, அதற்குப் பிடித்த ஒன்றைச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுப் பார்ப்பது சில நேரம் அதிகம் சொல்லும். கேட்டால் போதும், ஊட்ட வேண்டாம்.

இன்னோர் அறிகுறி ஆட்களை ஏமாற்றிவிடும். ஒருமுறை மலம் கழிந்துவிட்டால், அல்லது வாயு பிரிந்துவிட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு திடமான உணர்வு. கழிப்பறைக்குப் போவார்கள், போய்வந்தாலும் வலி குறையாது. இது குடல்வால் அழற்சியில் அடிக்கடி காணப்படுவது. இந்த உணர்வை நம்பித்தான் பேதி மருந்து குடிக்கிறார்கள், எனிமா வைக்கிறார்கள். வீங்கி மெலிந்துபோன சுவரோடு இருக்கும் குடல்வாலுக்குப் பக்கத்தில் குடலை முடுக்கிவிடுவது ஆபத்து, கிழிவதற்கு அது வழி செய்யலாம். காரணம் தெரியாத வயிற்றுவலிக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவைக் கவனியுங்கள். சிறுநீரகக் கல் வலியில் மனிதர் ஓரிடத்தில் இருக்க மாட்டார். எழுவார், நடப்பார், புரளுவார், எந்த நிலையிலும் ஆறுதல் கிடைக்காது. குடல்வால் வலி முற்றியவர் இதற்கு நேர்மாறு: காலை மடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார், எழுந்தால் வலது பக்கம் லேசாகக் குனிந்து நடப்பார். இருமினால் அந்த இடம் சுருக்கென்று வலிக்கும். மருத்துவமனைக்கு வரும் வழியில் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் குலுங்கியபோது வலித்ததா என்று மருத்துவர்கள் கேட்பது இதற்காகத்தான். குழந்தையை ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே குதித்தால் ஓரளவு நிம்மதி. குதிக்க மறுத்தால், அல்லது ஒரு குதியிலேயே வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டால், தாமதிக்காமல் காட்ட வேண்டும். வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பழகாத கைக்கு அதில் தெரியப்போவது எதுவும் இல்லை, நோயாளிக்கு வேதனைதான் மிச்சம்.

பாடப்புத்தகத்துக்கு அடங்காதவர்கள்

இவ்வளவு சொன்னாலும், தொப்புளில் தொடங்கி வலது பக்கம் இறங்கும் அந்தத் தெளிவான நகர்வு ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் காணப்படுகிறது. முக்கியமான காரணம், குடல்வாலின் அடிப்பகுதி ஓரிடத்தில் இருந்தாலும் அதன் நுனி ஆளுக்கு ஆள் வேறு திசையில் இருப்பது. பலருக்கு அது பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அப்போது முன்வயிற்றில் வலி குறைவாகவும், வலது விலாவுக்குக் கீழேயும் முதுகுப்புறமும் அதிகமாகவும் இருக்கும். வலது காலைப் பின்னால் நீட்டினால் வலிக்கும். வேறு சிலருக்கு நுனி இடுப்புக்குழிக்குள் தொங்கும். அது மூத்திரப்பையையும் மலக்குடலையும் உரசுவதால் அடிக்கடி சிறுநீர் போகத் தோன்றும், கொஞ்சம் கொஞ்சமாகப் பேதியும் ஆகும். மேலே சொன்ன பேதி விஷயம் இதுதான். இவர்களில் சிலர் சிறுநீர்த் தொற்று என்றோ வயிற்றுப்போக்கு என்றோ மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் இந்த நோய் அரிது, ஆனால் வந்தால் கண்டுபிடிப்பதற்குள் குடல்வால் வெடித்துவிடுவது மிக அதிகம். அவர்களுக்கு வரிசையைச் சொல்லத் தெரியாது. சோர்ந்துபோய் மடியை விட்டு இறங்காமல் இருப்பது, தொட்டால் அழுவது, சாப்பிட மறுப்பது, வயிறு உப்பிக் காய்ச்சல் அடிப்பது என்றுதான் தெரியவரும். முதியவர்களின் பிரச்சினை வேறு. வலி லேசாக இருக்கும், காய்ச்சலே இல்லாமலும் போகலாம், ரத்தப் பரிசோதனைகூட பெரிதாக எதையும் காட்டாது. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இதே மாதிரிதான். இவர்கள் "கொஞ்சம் வலிக்கிறது" என்று சொன்னால், அந்தக் கொஞ்சத்தைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்ப காலத்தில் குமட்டலும் வயிற்று இறுக்கமும் எப்படியும் இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் கர்ப்பத்தின் கணக்கில் எழுதிவிடுவது நடக்கிறது. கருப்பை வளர வளரக் குடல்வால் கொஞ்சம் மேலே தள்ளப்படலாம், என்றாலும் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வலி வலது அடிவயிற்றில்தான் வருகிறது. குடல்வால் வெடித்தால் கரு கலையும் அபாயம் வெகுவாகக் கூடுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து.

பிள்ளைப்பேறு வயதில் உள்ள பெண்ணுக்கு வலது அடிவயிறு வலித்தால் பட்டியல் நீளம். மாதவிடாய் சுழற்சியின் நடுவில் வரும் கருமுட்டை வெளியேறும் வலி தொடங்கி, சினைப்பைக் கட்டி உடைவது, சினைப்பை முறுக்கிக்கொள்வது, இடுப்புக்குழித் தொற்று வரை உண்டு. இவற்றுள் உயிருக்கே ஆபத்தானது கருக்குழாயில் தங்கிய கர்ப்பம். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது, ஒரு பக்கம் வலி, தலைசுற்றல் அல்லது மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி என்றால் அப்பெண்டிக்ஸா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் எந்த மருத்துவரும் வயிற்றுவலிக்கு முடிவு சொல்ல மாட்டார். அதைக் கேட்டுக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சிறுவர்கள், இளைஞர்கள் விஷயத்தில் மறந்துபோகும் ஒன்று உண்டு. விதை முறுக்கிக்கொண்டால் அந்த வலி அடிவயிற்று வலியாகத் தோன்றலாம், பையன் வெட்கத்தில் சொல்ல மாட்டான். சில மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விதையையே இழக்க நேரிடும். கேட்டுவிடுவது நல்லது. குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சலை ஒட்டிக் குடல் அருகே உள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கி, அப்பெண்டிக்ஸ் போலவே வலிப்பதும் உண்டு. அது தானாகச் சரியாகிவிடும், ஆனால் அதுதான் இது என்று மருத்துவர் சொல்ல வேண்டும்.

வலி குறைந்தது என்றால்

அழுத்தம் தாங்காமல் குடல்வால் வெடித்தால் சில சமயம் வலி திடீரென்று குறையும். உள்ளே இருந்த அழுத்தம் இறங்கியதால் வந்த குறைவு அது. வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். சில மணி நேரத்தில் சீழ் பரவப் பரவ வயிறு முழுவதும் வலிக்கத் தொடங்கும், வயிறு பலகை போல விறைக்கும், காய்ச்சல் ஏறும், நாடி வேகமாகும். படிப்படியாகக் குறைந்து, பசி திரும்பி, நடமாட்டம் எளிதாகிற வலி வேறு. திடீரென்று அடங்கி, ஆள் மட்டும் தெளியாமல் இருக்கிற வலி வேறு. வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறிக்கொண்டே போகிறது. எல்லாருக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது, சிலருக்கு அதற்கு முன்னாலேயே வெடித்துவிடுகிறது.

புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹாரி ஹூடினி இதனால்தான் இறந்தார். 1926 அக்டோபரில் மான்ட்ரியலில் ஒருவர் அவர் வயிற்றில் குத்தினார். அதன் பிறகு வந்த வலியைக் குத்தின் வலி என்றே நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. கடும் காய்ச்சலோடு டெட்ராய்ட்டில் மேடையேறி நிகழ்ச்சியையும் நடத்தினார். அறுவை செய்தபோது குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. ஆன்டிபயாடிக் இல்லாத அந்தக் காலத்தில் அக்டோபர் 31 அன்று உயிர் போயிற்று. வயிற்றுவலிக்கு ஒரு தயார் விளக்கம் எப்போதும் கையருகே கிடைக்கும்: நேற்றைய சாப்பாடு, பட்ட அடி, தூக்கிய பாரம், மாதவிடாய். அந்த விளக்கம் உண்மையென்றால் வலி குறைந்துகொண்டு வர வேண்டும். ஆறு மணி நேரம் கழித்தும் கூடிக்கொண்டே போனால், விளக்கத்தைக் கைவிட்டு மருத்துவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்திருக்கிறது, அல்லது நடந்தாலும் இருமினாலும் கூடுகிறது, அல்லது வலியோடு பசியின்மையும் வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்துவிட்டன என்றால் அன்றைக்கே போக வேண்டும், நாள் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயிறு விறைத்துப்போனாலோ, வலி திடீரென எங்கும் பரவினாலோ, மயக்கம் வந்தாலோ அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். கிளம்புகிறவருக்குச் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் காலி வயிறு நல்லது. வலி மாத்திரை ஏற்கெனவே போட்டிருந்தால் என்ன, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய அச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. வீட்டில்தான் ஆபத்து: மாத்திரையால் வலி குறைந்ததை நோய் குறைந்ததாக எண்ணிக்கொள்வது.

மருத்துவமனையில்

ஒரே ஒரு பரிசோதனையில் ஆம், இல்லை என்று சொல்லிவிடும் நோய் இல்லை இது. 1986-இல் ஆல்ஃபிரடோ அல்வராடோ என்ற மருத்துவர் வகுத்த 10 மதிப்பெண் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வலி நகர்ந்ததற்கு ஒன்று, பசியின்மைக்கு ஒன்று, குமட்டல் அல்லது வாந்திக்கு ஒன்று, வலது அடிவயிறு தொட்டால் நோவதற்கு இரண்டு, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருப்பதற்கு இரண்டு என்று அது போகும். நோயாளி வாயால் சொல்லும் வரலாறே அதில் மூன்று மதிப்பெண். எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, எப்போது நகர்ந்தது, எப்போது வாந்தி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், கேட்கிற மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஸ்கேனைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்டில்தான் தொடங்குவார்கள். தேவைப்பட்டால் கர்ப்பிணிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், மற்றவர்களுக்கு இன்னும் துல்லியமான சி.டி. ஸ்கேன். அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் "குடல்வால் தெரியவில்லை" என்று இருந்தால், நோய் இல்லை என்று அர்த்தமாகாது. குடலில் உள்ள வாயு மறைத்திருக்கலாம். ஆரம்ப நேரத்தில் ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதும் அப்படித்தான். அந்த மாதிரி சமயங்களில் சில மணி நேரம் அங்கேயே வைத்திருந்து மறுபடி வயிற்றைப் பரிசோதிப்பார்கள். ஒன்றும் செய்யாமல் வைத்திருக்கிறார்களே என்று கோபப்படும் உறவினர்கள் உண்டு. அந்தக் காத்திருப்பே ஒரு பரிசோதனை. நோய் எந்தப் பக்கம் போகிறது என்பதை நேரம்தான் காட்டும்.

உறுதியானால், பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது வயிற்றில் போடும் சிறு துளைகள் வழியாக, குடல்வாலை எடுத்துவிடுவார்கள். சிக்கலில்லாத அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் இன்று ஏற்கப்பட்ட வழி. ஆனால் அமெரிக்காவில் நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு 90 நாட்களுக்குள் அறுவை செய்ய நேர்ந்தது. பின்லாந்து ஆய்வு ஒன்றில் ஐந்து ஆண்டுகளில் பத்துக்கு நான்கு பேருக்கு நோய் திரும்பியது. குடல்வாலுக்குள் மலக்கல் இருந்தால் மருந்து வழி இன்னும் நம்பகம் குறைந்தது. எது தனக்குப் பொருந்தும் என்பதை ஸ்கேனை வைத்துக்கொண்டு மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

இப்போதைக்கு அப்பெண்டிக்ஸ் மாதிரி தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால், கிளம்பும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எது நடந்தால் திரும்பி வர வேண்டும்? எதுவும் நடக்காவிட்டாலும் எத்தனை மணி நேரத்தில் மறுபடி காட்ட வேண்டும்? 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபரிசோதனைக்கு வரச் சொல்வது வழக்கம். அதற்குள் வலி கூடினால் குறித்த நேரம் வரட்டும் என்று இருக்காமல், அதே இரவில் திரும்பிப் போய், முன்பு பார்த்த சீட்டையும் நீங்கள் மணி குறித்த தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.